சுவரில் பூநாரை, காலடியில் குப்பை

வாசகர் கேள்வி – பதில்

ஊர்ச் சுவரில் கானுயிர் ஓவியம் வரைந்து, சுற்றியுள்ள ஏரியையும் காட்டையும் காக்க நினைப்பவர்களிடமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆந்திர எல்லையில் பழவேற்காட்டிலிருந்தும் சூளூர்ப்பேட்டையிலிருந்தும், கேரள எல்லையில் வால்பாறை, மறையூர், கொழிஞ்சாம்பாறை, புளியரையிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். சுவர் வேலை தெரிந்த ஓவியர்களும் கானுயிர்க் களப்பணியாளர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் 40 அடி நீளம், 8 அடி உயரத்தில் காம்பவுண்ட் சுவர் இருக்கிறது. அதில் பூநாரைகள் வரைந்தோம். ஒரே மழைக்காலத்தில் பட்டை பட்டையாக உரிந்து விழுந்துவிட்டது. மறுபடி வரைய ஆசை. எந்த பெயிண்ட் வாங்கினால் தங்கும்?
– இளைஞர் மன்றத்தார், பழவேற்காடு

பெயிண்டை மாற்றினால் மட்டும் இது தீராது. உங்கள் சுவரை உரித்தது உப்பு. பழவேற்காடு ஏரி உவர்நீர் ஏரி; அதன் கரைச் சுவருக்கு உப்பு இரண்டு வழியில் வருகிறது. அடிமண்ணில் இருக்கும் உவர் நீரைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கிறது. கட்டும்போதே கலவையில் உவர் மணலும் உவர் தண்ணீரும் கலந்திருந்தால் அது இரண்டாவது வழி. ஈரம் வெளிப்பரப்புக்கு வந்து காயும்போது உப்பு படிகமாகி, பெயிண்டுக்குப் பின்னால் பருத்து, அதைத் தள்ளிவிடுகிறது. சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் அடுத்த மழையில் கையோடு வந்துவிடும்.

முதலில் சுவரைச் சோதியுங்கள். ஒரு அடிச் சதுரமாக பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தரையிலிருந்து 1 அடி, 3 அடி, 5 அடி உயரங்களில் ஒவ்வொன்று ஒட்டினால் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) எதுவரை ஏறுகிறது என்று தெரியும். தாளின் உட்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்த உயரத்தில் படம் வேண்டாம். பெரும்பாலும் கீழ் 2 அடிதான் ஈரமாக இருக்கும். அந்தப் பட்டைக்குச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். உதிர்ந்தால் வருடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொள்ளலாம், செலவும் குறைவு. பல ஊர்களில் ஏரித் தண்ணீரைச் சுவரின் அடிவரை வரைகிறார்கள். படத்தில் முதலில் போவது அந்தத் தண்ணீர்தான்.

அடுத்து சுவரின் தலையைப் பாருங்கள். மேற்பரப்பு தட்டையாகவோ விரிசல் விட்டோ இருந்தால் மழைநீர் அங்கே தேங்கி உள்ளே இறங்கும். நடுச்சுவரில் கொப்புளம் வருவது இதனால்தான். கொத்தனாரை வைத்து மேலே சரிவாகப் பூசி, தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டும்படி இரண்டு அங்குலம் வெளியே நீட்டச் சொல்லுங்கள். ஓவியச் செலவில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

பழைய பெயிண்டையும் உப்பையும் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பொரிந்துபோன பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரும் கழுவிய மணலும் கொண்டு புதிதாகப் பூசுங்கள். 7 நாள் தண்ணீர் காட்டி, மொத்தம் 28 நாள் கழிந்த பிறகே பிரைமர். சிமெண்டின் காரம் தணியுமுன் வர்ணம் பூசினால் சில நிறங்கள் திட்டுத் திட்டாக வெளிறும். வீட்டுக்குள் சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியை (வால் புட்டி) வெளிச்சுவரில் போடவே கூடாது. ஈரம் பட்டால் மாவாகி, மேலிருக்கும் படத்தையும் இழுத்துக்கொண்டு விழும்.

அளவுக் கணக்கு: கீழ் 2 அடி போக உங்களுக்கு 240 சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு பூச்சுக்கு லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவர் அதிகம் குடிக்கும், 4 லிட்டர் வாங்குங்கள். அடிநிறத்துக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு பூச்சு. லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி என்று வைத்தால் 5 லிட்டர். படத்துக்கு வெள்ளை 2 லிட்டர், கறுப்பு, செங்காவி, மஞ்சள் காவி, நீலம், பச்சை தலா 1 லிட்டர் போதும். பூச்சுக்குப் பூச்சு 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வேலைக்கு நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் காய்ந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. காலை பத்து மணிவரையும் மாலை மூன்றரைக்கு மேலும் அடியுங்கள். உச்சிவெயிலில் சுட்ட சுவரில் எமல்ஷன் பிடிக்குமுன்பே காய்ந்து, பின்னால் பொடியாக உதிரும்.

பூநாரை என்றதும் எல்லாரும் பளீர் ரோஸ் நிறத்தைத் தேடுகிறார்கள். வெயிலில் மிகச் சீக்கிரம் வெளுப்பது அந்த நிறம்தான். உங்கள் ஏரிக்கு வரும் பெரிய பூநாரையின் உடம்பு பெரும்பாலும் வெள்ளை, அதில் லேசான இளஞ்சிவப்பு. சிறகை விரித்தால் முன்பகுதி சிவப்பு, பறக்கும் இறகுகள் கறுப்பு. அலகு இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. இளம் பறவை சாம்பலும் பழுப்புமாக இருக்கும். வெள்ளையில் துளி செங்காவி கலந்தால் அந்த இளஞ்சிவப்பு வந்துவிடும். காவி நிறங்கள் வெயிலுக்கு அசையாது. சிறகின் சிவப்புக்கு மட்டும், கடைக்காரரிடம் வெளிச்சுவருக்கான நிற எண் என்று கேட்டு கால் லிட்டர் வாங்கினால் போதும். உள்ளது உள்ளபடி வரைந்தால் படமும் நீடிக்கும்.

பறக்கும்போது பூநாரை கழுத்தையும் காலையும் நேராக நீட்டியிருக்கும். கொக்குபோல் கழுத்தை மடக்கி வரைந்துவிடாதீர்கள். மேயும்போது தலை தலைகீழாக, மேல் அலகு சேற்றுப் பக்கம் இருக்கும். கூடும் முட்டையும் வேண்டாம். இந்தியாவில் பூநாரைகள் பெருந்திரளாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். பழவேற்காடு அவற்றின் மேய்ச்சல் நிலம். முழங்காலளவு தண்ணீரும் சேறும்தான் அவற்றுக்கு முக்கியம் என்பது படத்தில் தெரிய வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் பறவை ஓவியங்களுக்குக் குறைவில்லை. வருபவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். படத்தால் என்ன பயன்?
– வாசகி, சூளூர்ப்பேட்டை

நியாயமான கேள்வி. அழகான பறவையை மட்டும் வரைந்தால் அழகு மட்டும்தான் மனதில் பதியும். சுவர் ஒரு காரியத்தைக் கேட்க வேண்டும். அந்தக் காரியம் நடக்கும் இடத்திலேயே நின்று கேட்க வேண்டும். பிளாஸ்டிக், வேட்டை, மரம், தண்ணீர் என்று நான்கையும் ஒரே சுவரில் ஏற்றினால் ஒன்றும் நிற்காது.

உதாரணமாக, பழவேற்காட்டுப் பக்கம் படகேறும் துறையில் இரண்டு பிரச்சினைகள். கிழிந்த நைலான் நரம்பு வலைத் துண்டுகள் கரையில் விடப்பட்டு நாரைகளின் காலில் சுற்றிக்கொள்கின்றன. படம் எடுக்க வருபவர்கள் பூநாரைக் கூட்டத்துக்குள் படகை விடச்சொல்லிப் பறக்க வைக்கிறார்கள். மேய வேண்டிய நேரத்தில் பறவை எழுந்து பறப்பது அதன் உடல் சக்திக்கு வீண் செலவு. முதல் பிரச்சினை மீனவர்களுடையது, இரண்டாவது சுற்றுலா வருபவர்களுடையது. ஆகவே இரண்டு சுவர். வலை சீர்செய்யும் கொட்டகைச் சுவரில், கிழிந்த வலையை ஒரு கை சாக்கில் போடுவதை வரையுங்கள். அதன் கீழேயே நிஜச் சாக்கு ஒன்றைக் கொக்கியில் மாட்டி, வாரம் ஒருமுறை யார் எடுப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். சாக்கு இல்லாத ஓவியம் அரைகுறை வேலை. படகேறும் இடத்தில், தலையைச் சேற்றில் வைத்து மேயும் பூநாரை ஒன்றும், தலை தூக்கி நடக்கத் தொடங்கிய பூநாரை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில். எழுத்து: ‘தலை தூக்கினால் படகை நிறுத்து.’ படகோட்டிக்கு அது பயணியிடம் சுட்டிக்காட்ட ஒரு பிடி.

என்ன வரைவது என்பதை வரைவதற்கு முன்பே அந்த இடத்தைப் புழங்குபவர்களிடம் கேளுங்கள். ஏரியில் எந்த முறைக்கு யார் வலை போடுவது என்று பாடு முறை வைத்து நடத்தியவர்களுக்கு ஏரியைப் பற்றி வெளியூர் ஓவியர் பாடம் எடுத்தால் சுவருக்கு மரியாதை இருக்காது.

எழுத்து ஆறேழு சொல்லுக்குள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது எழுத்துக்குப் பொதுக்கணக்கு. 30 அடியிலிருந்து படிக்க 3 அங்குலம். தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம் என்பதால் அதை நாலரை, ஐந்தாக்குங்கள். கோடு தடித்தால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’ போலத் தெரியும். கோட்டின் தடிமன் எழுத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். உங்கள் பக்கம் தெலுங்கும் தமிழும் சம அளவில் இருக்க வேண்டும். தெலுங்கு வரியைப் போனில் மொழிபெயர்த்து எழுதிவிடாமல், அதைத் தினம் படிக்கும் ஒருவரைச் சுவர் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

பயன் உண்டா என்பதை எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும். வரைவதற்கு முன் இரண்டு வாரம், அதே கிழமையில், அதே வேளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கீழே போடப்பட்ட பாட்டில் எத்தனை என்று குறியுங்கள். வரைந்து ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் அதேபோல் எண்ணுங்கள். ஓவியம் இல்லாத இன்னொரு துறையிலும் இதே கணக்கை எடுங்கள். இல்லையென்றால், கூட்டம் குறைந்ததால் குப்பை குறைந்ததைப் படத்தின் பலன் என்று எண்ணிவிடுவீர்கள். புதுப்படத்தின் மேல் இருக்கும் கவனம் சில வாரங்களில் தணியும் என்பதால் ஆறு மாதக் கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

கேள்வி: ஆழியாறு–வால்பாறை சாலையில் குரங்குகளுக்குத் தீனி போடுவதைத் தடுக்க ஓவியம் வரையப் போகிறோம். வாழைப்பழம் நீட்டும் கையை வரைந்து மேலே சிவப்புப் பெருக்கல் குறி போடலாமா?
– வாசகர், வால்பாறை

வேண்டாம். ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்குக் கையும் பழமும் குரங்கும்தான் முதலில் படும், குறி அப்புறம்தான். ‘எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள்’ என்ற எண்ணத்தையும் அந்தப் படம் வளர்க்கும். செய்ய வேண்டியதை வரையுங்கள்: கண்ணாடி ஏற்றிய கார், உள்ளே சிரித்துப் பார்க்கும் குழந்தை, வெளியே மரத்தில் பலாப்பழம் தின்னும் சோலைமந்தி. சோலைமந்தி என்றால் முகத்தைச் சுற்றி வெள்ளி நரைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். சாலையில் கை நீட்டுவதில் நாட்டுக் குரங்கும் உண்டு. அதற்குத் தலையில் முடி வகிடு எடுத்ததாக இருக்கும், பிடரி கிடையாது. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டம் பக்கம் என்றால் மந்தி, அடிவாரம் என்றால் நாட்டுக் குரங்கு. புதுத்தோட்டத்தில் மந்திகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலத்தையும் படத்தில் சேருங்கள். அதன் கீழ் மெதுவாகப் போக வேண்டும் என்பது சொல்லாமலே புரியும்.

இந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் தடுப்புச் சுவரில் ஒருபோதும் வரையாதீர்கள். ஓட்டுநரின் கண் அங்கே சாலையில்தான் இருக்க வேண்டும். வண்டி தானாக நிற்கும் இடங்கள் போதும்: சோதனைச்சாவடி, டீக்கடை, பேருந்து நிலையம். 9-ஆவது வளைவுக் காட்சிமுனையில் வரையாடு பார்க்க நிற்பார்கள்; அங்கே வரையாடு வரைந்தால் கொம்பு குட்டையாகப் பின்னால் வளைந்திருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் ஐபெக்ஸ் ஆட்டின் முண்டு முண்டான நீளக் கொம்பைப் போட்டுவிடுகிறார்கள். இருவாச்சிக்குப் பதில் தென்னமெரிக்க டூக்கன், நம் யானைக்கு ஆப்பிரிக்க யானையின் பெரிய காது – இவையும் அடிக்கடி நடக்கின்றன. ஊர்க் குழந்தைக்கு அதன் காட்டு விலங்கே அடையாளம் தெரியாமல் போகும். இரண்டு மூன்று நல்ல புகைப்படம் வைத்து, வனத்துறைக் களப்பணியாளர் ஒருவரிடம் ஓவியத்தின் தாள் வரைவைக் காட்டித் திருத்திய பிறகு சுவருக்குப் போங்கள்.

கேள்வி: மறையூரில் பள்ளிச் சுவரில் மாணவர்களை வைத்து சின்னாறு சரணாலய உயிரினங்களை வரைய விரும்புகிறோம். எதை வரையலாம், பிள்ளைகள் எவ்வளவு செய்யலாம்?
– ஆசிரியை, மறையூர்

புலியை விட்டுவிடுங்கள், அது எல்லாச் சுவரிலும் இருக்கிறது. சின்னாறு மழைமறைவுக் காடு, அதாவது மலை மழையைத் தடுப்பதால் வறண்ட காடு. முள்காட்டுக்கு நட்சத்திர ஆமை, ஆற்றங்கரைக்குச் சாம்பல் நிற மலை அணில்; இரண்டே போதும். அணில் பெரும்பாலும் தரைக்கு வராமல் மரக்கிளை வழியாகவே ஆற்றோரம் நகரும், உச்சிக்கிளையில் இலைக்கூடு கட்டும். ஆகவே நீர்மருது போன்ற பெருமரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடுவதாக வரையுங்கள். நடுவில் ஒரு மரம் வெட்டப்பட்டால் வழி அறுந்துபோகும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். சிவப்பும் கறுப்புமான மலையணில் வேறு இனம்; கலந்துவிடாதீர்கள். ஆமை சுவரில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பார்த்தால் எடுக்காதே, வீட்டில் வளர்க்காதே. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆமை எங்கே தென்படும் என்பதற்கு இடப்பெயரோ வரைபடமோ வேண்டாம். பிடித்து விற்பவர்களுக்கும் கண் உண்டு.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டுவது பிள்ளைகளுக்கு ஆகாது. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆயில் பெயிண்ட் பூச்சில் ஈயம் அதிகம் இருக்கலாம், தூளாகி மூச்சில் போகும். பெரியவர்கள் முகக்கவசம் போட்டு, நீர் தெளித்துத் தேய்த்து, தூளைப் பையில் கட்டி அகற்றட்டும். (உப்புச் சுவருக்குத் தண்ணீர் ஆகாது என்றோமே, ஈயம் என்ற சந்தேகம் வந்தால் இதுவே முந்தியது, பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.)

வரைவுக்குக் கட்டம் போடுங்கள். தாளில் ஒரு அங்குலக் கட்டம், சுவரில் ஒரு அடிக் கட்டம். நூலில் நீலப்பொடி தடவி இருவர் பிடித்து அடித்தால் கோடு விழும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். வெளிக்கோட்டைப் பெரியவர் ஒருவர் சரிபார்த்த பிறகு, நாலரை அடிக்குக் கீழே உள்ள பகுதிகளைப் பிள்ளைகள் நிரப்பலாம். மேலே ஏற டிரம், பெஞ்சு எதுவும் வேண்டாம். சாரத்தில் பெரியவர்கள் மட்டும்.

கேள்வி: புளியரைச் சாலையோரம் பெரிய பாறை இருக்கிறது. அதில் விலங்குகளை வரையலாமா? பக்கத்தில் ஒரு பழைய பாலச்சுவரும் உண்டு.
– வாசகர், செங்கோட்டை வட்டம்

பாறையில் வரையாதீர்கள். அதன்மேல் படர்ந்திருக்கும் பாசியும் கற்பாசியும் வளரப் பல வருடம் ஆகின்றன. ஓணான், பாம்பு வெயில் காய்வதும், கொம்பன் ஆந்தை இடுக்கில் முட்டையிடுவதும், பெருந்தேனீ அடை வைப்பதும் அங்கேதான். ஒரு பாறையில் படம் வந்தால் பக்கத்துப் பாறையில் விளம்பரம் வரும். மரத்தின் அடியிலும் பெயிண்ட் வேண்டாம். பாலத்தின் அடிப்புறத்தில் உழவாரன், தகைவிலான் குருவிகளின் கூடுகளும் வெளவால்களும் இருக்கலாம். சாயங்காலம் அரை மணி நேரம் நின்று உள்ளே போவதையும் வருவதையும் பாருங்கள். இருந்தால் அந்தப் பாலத்தை விட்டுவிடுங்கள். கல்சுவரின் பொந்துகளையும் அடைக்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர்க் குளத்துச் சுவரில் வரைகிறோம். பிரஷ் கழுவும் தண்ணீர் குளத்துக்குப் போனால் தவறா? இரவில் ஒளிரும் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்களே?
– வாசகர், சித்தூர் வட்டம், பாலக்காடு

தவறுதான். அக்ரிலிக் எமல்ஷன் என்பது தண்ணீரில் கலந்த பிளாஸ்டிக். காய்ந்தால் படலம், கழுவினால் நுண்துகள். மூன்று வாளி வையுங்கள். பிரஷ்ஷை முதலில் பழைய துணியில் துடைத்து, முதல் வாளியில் கழுவி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் முடியுங்கள். வாளிகளை இரண்டு நாள் அசையாமல் விட்டால் அடியில் கசடு தங்கும். மேல்நீரை அடுத்த முறை முதல் கழுவலுக்கே பயன்படுத்துங்கள். கசடை பழைய செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்துக் குப்பையோடு கொடுங்கள். குளத்துப் பக்கச் சுவருக்குக் கீழே தார்பாய் விரித்து, அதன் ஓரத்தை மடித்துக் கட்டினால் சொட்டுவதும் தண்ணீருக்குப் போகாது.

ஒளிரும் பெயிண்டும் விளக்கும் நீர்நிலை ஓரத்தில் வேண்டாம். இரவில் பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சாகும், அவற்றைத் தின்னும் தவளையும் வெளவாலும் இடம் மாறும். கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம்: பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதில் சாலைக்கு ஏறிவிடும்.

கேள்வி: யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? வரைந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?
– பலர்

சுவர் யாருடையதோ அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: பஞ்சாயத்து, பள்ளி, ரயில்வே, நெடுஞ்சாலைத் துறை. வாய்வார்த்தை போதாது, பொது இடங்களின் தோற்றம் சிதைவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-இலேயே சட்டம் உண்டு. காட்டை ஒட்டிய சுவர் என்றால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். மனுவில் சுவரின் அளவு, வரைவின் நகல், வேலை நாட்கள், எத்தனை வருடம் யார் பராமரிப்பது என்பதெல்லாம் இருக்கட்டும். பணம் கொடுத்த கடையின் பெயரைப் பெரிதாகப் போடாதீர்கள். ஓரத்தில் ஒரு வரி போதும்.

மேலே பளபளக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள். ஆயில் வார்னிஷ் மஞ்சளாகும், ஓதத்தை உள்ளே பூட்டிக் கொப்புளமாக்கும். அவசியம் என்றால், தண்ணீர் கலந்து அடிக்கும் வெளிச்சுவர் அக்ரிலிக் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) ஒரு பூச்சு, அதுவும் காய்ந்த சுவருக்கு மட்டும். சுவரொட்டி ஒட்டினால் உடனே வெந்நீரில் நனைத்து எடுங்கள். ஒருநாள் விட்டால் பத்து வரும். வெற்றிலைக் கறை விழும் இடத்தில் சுண்ணாம்புப் பட்டையே நல்லது.

மிச்சப் பெயிண்டை மூடி இறுக்கி, டப்பாவின் மேல் நிற எண்ணும் எந்தப் பகுதிக்கு என்பதும் எழுதி பஞ்சாயத்து அலுவலகத்திலேயே வையுங்கள். வருடம் ஒருமுறை, மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடித்த இடங்களை உப்புத்தாள் போட்டு, பிரைமர் தொட்டு, அதே டப்பாவிலிருந்து நிரப்புங்கள். சாக்கின் கொக்கி துருப்பிடித்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.